நாலாவது படகு

ஆகஸ்ட் 4, திங்கள்

பி.பி. 152/98.

தினமும் காலையில் பார்த்து எழுதி வைக்கச் சொன்னார் டாக்டர். ஜனவரியில் யாரோ கொடுத்த டைரி ஒன்று சும்மா கிடந்தது, எடுத்தேன். முதல் பக்கத்தில் பெயர், வயது, தொழில் என்று கட்டங்கள். காலிக் கட்டத்தைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. திலகவதி. நாற்பத்து நான்கு. மாநிலத் துடுப்புப் படகுச் சங்கத்தின் இணைச் செயலாளர். மார்ச்சில் செயலாளர் விலகியதிலிருந்து அவருடைய நாற்காலியும் என் தலையில்தான். 'பொழுதுபோக்கு' என்ற கட்டத்தில் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. ஒரு காலத்தில் படகு ஓட்டினேன் என்பதைப் பொழுதுபோக்கு என்று எழுத முடியாது.

செப்டம்பர் 14-இல் மாநிலப் போட்டி. கிழக்குக் கடற்கரைச் சாலையோரக் கழிமுகத்தில் முதன்முறையாக நடத்துகிறோம். போட்டி இயக்குநர் நான். இன்று செய்த வேலைகள்: மிதவைகளுக்கு ஆள் பிடித்தது, நடமாடும் கழிப்பறைக்கு அலைந்தது, சிறப்பு விருந்தினருக்கு எந்தப் பூ ஒத்துக்கொள்ளாது என்று விசாரித்தது. மாலையில் சான்றிதழ் அச்சாகி வந்தது. 'துடுப்புப் படகு' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'துடைப்பப் படகு'. ஐந்நூறு பிரதி!

எங்கள் அலுவலக உதவியாளர் மாசிலாமணி ஒன்றைக் கையில் எடுத்து நிதானமாகப் படித்துவிட்டு, "படகு சுத்தமா இருக்கும் மேடம்" என்றார். அந்த மனிதரோடு பதினைந்து வருஷமாக மாரடிக்கிறேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

148/96.

நுழைவுப் படிவங்கள் வரத் தொடங்கிவிட்டன. ஆண்கள் பிரிவுகள் எல்லாம் அமோகம். பெண்கள் நால்வர் படகுக்கு மட்டும் இதுவரை இரண்டே இரண்டு. நான்கு பேர், ஆளுக்கொரு துடுப்பு, போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வலிப்பார்கள். அவர்களைப் பார்த்தபடி படகின் பின்முனையில் ஐந்தாவதாக ஒருத்தி. சுக்கானைப் பிடித்து, வழி பார்த்து, குரல் கொடுப்பவள். அவளைக் காக்ஸ் என்போம். நான்கு படகாவது சேராவிட்டால் போட்டி கிடையாது. விதி எண் 17. கடைசி நாள் ஆகஸ்ட் 25, மாலை ஐந்து மணி.

2003-இல் எங்களுக்கும் இதே கதிதான். மூன்று படகுகள் உரிய நேரத்தில் பதிவாகின. நாலாவது நாங்கள். எங்கள் படிவம் தபாலில் தாமதமாகிவிட்டது. சங்கத்திலிருந்து ஒரே ஒரு வரி வந்தது: 'போதிய நுழைவுகள் இன்மையால் மேற்படி போட்டி ரத்து செய்யப்படுகிறது.' அந்த வருஷம் விட்டால் எங்களுக்கு வேறு வருஷம் இல்லை. ஜனவரியில் எங்கள் படகின் மெஹருன்னிசாவுக்குக் கல்யாணம், ஜூனில் எனக்கு. பதினாறு மாதம் விடியற்காலையில் எழுந்து தேய்த்த உள்ளங்கையெல்லாம் வீண். அந்த ஒரு வரியை எழுதிய புண்ணியவானைத் திட்டித் திட்டித்தான் நான் நிர்வாகத்துக்கே வந்தேன், இனி ஒரு பெண்ணுக்கும் அப்படி ஒரு கடிதம் போகக்கூடாதென்று.

இப்போது அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டியவள் நான்.

ஆகஸ்ட் 11, திங்கள்

மூன்றாவது படகு வந்தது, திருச்சியிலிருந்து. கோயம்புத்தூர், தூத்துக்குடி, நாகர்கோவில் என்று பதினொரு கல்லூரிக்குப் போன் போட்டேன். "பொண்ணுங்க இருக்காங்க மேடம், படகு இல்ல." "படகு இருக்கு மேடம், பொண்ணுங்களுக்கு எக்ஸாம்." ஒருவர், "ரோயிங்கா? நீங்க ரோலிங் ஷட்டர் கம்பெனின்னு நினைச்சேன்" என்றார்.

சாமான் அறையில் ஒரு ரோயிங் மெஷின் தூசி பிடித்துக் கிடக்கிறது. வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காகப் பத்து நிமிடம் உட்கார்ந்து இழுத்தேன். வேலை செய்கிறது.

ஆகஸ்ட் 13, புதன்

146/94. மெஷினை மறுபடியும் சோதித்தேன். இருபத்தைந்து நிமிடம். ஒரு முறை சோதித்தால் போதாது.

தோள் ஏன் இறுக்கமாக இருக்கிறது என்று வீட்டுக்காரர் கேட்டார். ஃபைல் தூக்கினேன் என்றேன். "ஃபைலை மூச்சு வாங்க வாங்கவா தூக்குவாங்க?" என்றார். இந்த மனிதருக்குக் குசும்பு அதிகம்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

சங்கத்தில் கொடியேற்றம். தலைவர் கனகசபாபதி மிட்டாய் கொடுத்துக்கொண்டே, "பெண்கள் நால்வர் ஒண்ணுதானே இடிக்குது? ஒரு வரி லெட்டர்தான மேடம், போட்டு விட்டுடுங்க" என்றார். நல்ல மனிதர். ஓய்வு பெற்ற கண் டாக்டர். அவருக்கு ஒரு வரி, ஒரு வரிதான்.

பிறகு விதிப் புத்தகத்தைச் சும்மா புரட்டினேன். திறந்த பிரிவுக்கு வயது உச்சவரம்பு இல்லை. காக்ஸுக்குக் குறைந்தபட்ச எடை ஐம்பது கிலோ. அதிகபட்சம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. பதிவு பெற்ற எந்தக் கழகமும் படகு இறக்கலாம்.

மாசிலாமணி பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "மேடம், 'அலையாடி மகளிர் படகுக் குழு'ன்னு ஒண்ணு இன்னும் உயிரோட இருக்கு. இருபது வருஷத்துக்கு மேல ஒரு போட்டிக்கும் வரல. ஆனா ஏப்ரல் பொறந்தா டாண்ணு யாரோ புதுப்பிச்சுடறாங்க" என்றார்.

அது நாங்கள் ஐந்து பேரும் சேர்ந்து தொடங்கிய குழு. யாரோ புதுப்பித்துக்கொண்டிருக்கிறார்களாம். ரசீதெல்லாம் எப்படியோ என் மேஜை இழுப்பறையில்தான் இருக்கின்றன. இந்தச் சங்கத்தில் என்னென்ன நடக்கிறதென்று எனக்கே தெரிவதில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ராயபுரம் போனேன். பிலோமினாவின் கேக் கடை. எங்கள் காக்ஸ். அந்தக் காலத்தில் நாற்பத்தெட்டு கிலோ இருப்பாள், எடை காணாமல் இடுப்பில் மணல் மூட்டை கட்டி உட்கார வைப்போம். இப்போது அவளே எழுபத்தெட்டு.

விஷயத்தைச் சொன்னேன். கையில் கிரீம் பையோடு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னா திலகா, மண்ட கிண்ட காஞ்சிருச்சா? என்னிய வச்சுகினு படகு மெதக்குமா, முழுவுமா?"

"மிதக்கும். விதியில் தடை இல்லை."

"விதில இல்ல. தண்ணிக்குத் தெரியுமா அது?" என்று சொல்லிச் சிரித்தவள், திடீரென்று கிரீம் பையைக் கீழே வைத்தாள். "ஏய், ஜெயிச்சா காக்ஸைத் தூக்கித் தண்ணில போடுவாங்களே. ஒரு வாட்டி கூட என்னியப் போடல நீங்க. அதான்டி என் கொற."

"கடைசியாக வந்தாலும் போடுகிறோம்."

"சத்தியமா?"

"சத்தியமா."

ஒரு பிளம் கேக் கட்டிக் கொடுத்தாள். பி.பி.க்கு ஆகாது. பாதி பஸ்ஸிலேயே தீர்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

எங்கள் ஐவரில் அடுத்தவள் செண்பகம் ஒப்புக்கொண்டாள். அவள் இப்போது போக்குவரத்துக் காவல் உதவி ஆய்வாளர். போன் எடுத்ததும், "ஓரமா நிறுத்துய்யா! உன்னைச் சொல்லல திலகா, நீ பேசு" என்றாள். வேலூரில் விளையாட்டு ஆசிரியையாக இருக்கும் குந்தவி, நான் முழுவதும் சொல்லி முடிக்கும் முன்பே, "சனிக்கிழமை ரயிலுக்கு வரேன்" என்று வைத்துவிட்டாள்.

மெஹருன்னிசாவுக்குப் போன் செய்ய மூன்று தடவை எடுத்து மூன்று தடவையும் வைத்தேன். நான்காம் தடவை அவளே கூப்பிட்டாள். பிலோ சொல்லிவிட்டாளாம். திருவல்லிக்கேணிப் பள்ளியில் கணக்கு டீச்சர். பின்னணியில் ஒரு வகுப்பே வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது.

"ஸ்ட்ரோக் யாரு?" என்று மட்டும் கேட்டாள்.

"நீதான்."

வகுப்பில் யாரையோ, "ஏழெட்டு அம்பத்தாறு" என்று திருத்தினாள். "சரி, ஞாயித்துக்கிழமை வரேன்" என்றாள்.

நான்காம் எண் இருக்கைக்கு ஸ்ட்ரோக் என்று பெயர். காக்ஸுக்கு நேர் எதிரே இருக்கும். அதில் உட்கார்ந்தவள் போடுகிற தாளத்துக்குத்தான் மற்ற மூவரும் வலிக்க வேண்டும். என் வேலை முதல் எண். படகின் முன்முனை. அங்கே இருப்பவளுக்கு மற்ற மூவரின் முதுகுதான் தெரியும்.

ஆகஸ்ட் 21, வியாழன்

போட்டி அதிகாரி போட்டியில் இறங்கக் கூடாது. விதி எண் 4, நானே எழுதியது. தலைவரிடம் விலகல் கடிதம் கொடுத்தேன். போட்டி இயக்குநர் பொறுப்பு துணைச் செயலாளர் நவநீதனுக்கு.

"அக்டோபர் பொதுக்குழுவுல உங்களை நிரந்தரச் செயலாளரா முன்மொழியலாம்னு இருந்தேன். நடத்திக் காட்டினாத்தானம்மா நாலு பேர் ஒத்துப்பாங்க" என்று தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"போட்டி நடக்கணும் சார். யார் நடத்தினாலும் சரி."

சொல்லிவிட்டு வெளியே வந்து படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். அந்த நாற்காலி எனக்குப் பிடிக்கும். பிடிக்காது என்று எழுதினால் டைரி சிரிக்கும்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

158/100.

மாசிலாமணி 2003 கோப்பைத் தேடி எடுத்து என் மேஜைமேல் வைத்துவிட்டார். நான் கேட்கவே இல்லை! "அலையாடி பேரு எங்கயோ பார்த்த மாதிரி இருந்துச்சு மேடம்" என்றார்.

எங்கள் படிவம் உள்ளே இருந்தது. தபால் உறை இல்லை, ஏனென்றால் அது தபாலில் வரவே இல்லை. நேரில் கொண்டுவந்து கொடுத்தது. பெறப்பட்ட முத்திரை, கடைசி நாளுக்கு மறுநாள். கடைசி நாள் மழை பெய்தது. நல்ல மழை.

அதற்கு முந்தைய இரண்டு நாளும் வெயில்.

கையெழுத்து என்னுடையது, குழுத் தலைவி நான்தான். இருக்கை எண் இரண்டும் மூன்றும் சுத்தமாக இருக்கின்றன. நான்காம் கட்டத்தில் 'திலகவதி' என்று எழுதி, அடித்து, மேலே 'மெஹருன்னிசா'.

மாசிலாமணி டீ கொண்டுவந்து, கோப்பின்மேல் சிந்தாமல் தள்ளி வைத்துவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

எழுதித்தான் ஆக வேண்டும்.

காலை ஆறு மணிக்கு ஐந்து பேரும் கழிமுகத்தில். கட்டிப்பிடித்துக் கத்தியதில் கொக்கெல்லாம் பறந்துவிட்டது. செண்பகம் லத்தியோடு வந்திருந்தாள், பழக்கதோஷம். படகைத் தோளில் தூக்கியபோது நால்வருக்கும் முட்டி ஒரே சமயத்தில் சடசடத்தது. "தாளம் இன்னும் மறக்கலடி" என்றாள் குந்தவி.

தண்ணீரில் இறங்கினோம். முதல் நூறு மீட்டர் நான்கு துடுப்பும் நான்கு திசை. பிலோ தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு எப்படியோ, எப்போது என்று சொல்லத் தெரியவில்லை, ஒன்று சேர்ந்துவிட்டது. நான்கு துடுப்பும் ஒரே சத்தமாக விழுந்தது. படகு அடியில் தண்ணீர் சலசலவென்று ஓடியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. முதல் இருக்கையில் அழுதால் யாருக்கும் தெரியாது.

நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தோம். மெஹ்ரு திரும்பாமலே, "அந்த ஒரு வரி எழுதின ஆளு இப்ப எங்க இருக்கானோ. அவன் இல்லன்னா இதை அப்பவே செஞ்சிருப்போம்" என்றாள். பிலோ, "அவன் கைல கட்டி வர" என்று ஆரம்பித்தாள்.

நான் சொல்லிவிட்டேன். மூன்று முதுகைப் பார்த்துச் சொன்னேன். ஸ்ட்ரோக்கில் மெஹ்ருவைப் போடுங்கள் என்று பயிற்சியாளர் சொன்ன பிறகு, மனசு மாறுவாரோ, மாறுவாரோ என்று படிவத்தை மூன்று நாள் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். கடைசி நாள் மழையில் பஸ் கிடைக்கவில்லை என்பது நிஜம்தான், ஆனால் அந்த மழைக்கு முன்னால் இரண்டு நாள் இருந்தது. அந்த ஆள் நேர்மையாகத் தன் வேலையைச் செய்தார். ரத்து செய்தது நான்.

யாரும் திரும்பவில்லை. படகில் திரும்பவும் முடியாது. நான்கு முகத்தையும் பார்க்கக்கூடியவள் பிலோ ஒருத்திதான். அவள் மெஹ்ருவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திடீரென்று மெஹ்ருவின் துடுப்பு தண்ணீரில் இறங்கியது. குரல் இல்லை, சைகை இல்லை. இழுத்தாள் பாருங்கள், அப்படி ஓர் இழுப்பு! ஸ்ட்ரோக் போட்டால் மற்றவர்கள் போட்டே ஆக வேண்டும். கழிமுகத்தின் அந்தக் கோடி வரைக்கும் எங்களை இழுத்துக்கொண்டு போனாள். நுரையீரல் வாய்க்கு வந்துவிட்டது. கரையேறினோம். தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, படிவத்தைத் தொடாமலே ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள்.

படிவத்தில் மூவர் கையெழுத்துப் போட்டார்கள். பிலோ போடும்போது, "ஏன்டி இப்ப சொன்ன? செவ்வாக்கெழம சொல்லித் தொலைச்சா ஆவாதா?" என்றாள்.

கையெழுத்து வாங்கிய பிறகு சொன்னால், அது மறுபடியும் பையில் வைத்துக்கொள்வதுதானே.

ஆகஸ்ட் 25, திங்கள்

பி.பி. பார்க்கவில்லை. பயமாக இருந்தது.

மெஹ்ரு போனை எடுக்கவில்லை. மூன்று மணிக்குச் செண்பகம் ஜீப்பில் வந்தாள், பின்னால் ஓர் இளம் பெண் கான்ஸ்டபிளை உட்கார வைத்துக்கொண்டு. "இவ காசிமேட்டுப் பொண்ணு, துடுப்பு நல்லா போடுவா. ஒண்ணாம் சீட்டுல இவளை உக்கார வை. நீ நாலுக்குப் போ. ஸ்ட்ரோக் போடத் தெரிஞ்சது உனக்குத்தான். போட்டி நடக்கும்ல?"

நடக்கும். இருபத்திரண்டு வருஷமாக நான் கேட்ட இருக்கையும் கிடைக்கும். கேட்டதும் உள்ளே ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. அதையும் எழுதி வைக்கிறேன், மறைக்க வேண்டாம்.

"நாலு அம்பத்தஞ்சு வரைக்கும் பார்ப்போம். மெஹ்ரு வரலைன்னா நாலுல குந்தவி. மூணுல இந்தப் பொண்ணு. நான் ஒண்ணுதான். ஸ்ட்ரோக்குல நான் உக்கார மாட்டேன்" என்றேன்.

மாசிலாமணி மேஜைமேல் முத்திரையையும் மைப்பெட்டியையும் எடுத்து வைத்துக்கொண்டு கடிகாரத்தின் கீழே உட்கார்ந்துவிட்டார். "அஞ்சுன்னா அஞ்சுதான் மேடம். நீங்க போட்ட சர்க்குலர்."

4.40. 4.45. செண்பகம் ஜன்னலில் நின்று சாலையைப் பார்த்து, "ஸ்டேடியம் சிக்னல்ல ஒரே நெரிசல். எவன் டியூட்டி அங்க?" என்று வயர்லெஸில் யாரையோ கடித்தாள். 4.51-க்குப் படிக்கட்டில் காலடிச் சத்தம். கை முழுக்கச் சாக்பீஸ் தூளோடு மெஹருன்னிசா.

நேராக என் முன்னால் வந்து நின்றாள்.

"இருபத்திரெண்டு வருஷம், ஒவ்வொரு பெருநாளும் துவா முடிச்ச கையோட அந்த ஆபீஸரைத் திட்டியிருக்கேன்டி. பேர் தெரியாது, மூஞ்சி தெரியாது, பாவம், அந்த மனுஷன் எங்க எங்க தடுக்கி விழுந்தாரோ! அந்தப் பாவத்தை நான் யார்கிட்ட போய்க் கழிக்கிறது?"

படிவத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தேன்.

"உன்மேல கோவம்தான். நாளைக்கும் இருக்கும். ஆனா நேத்து அந்தக் கோடி வரைக்கும் இழுத்தேன்ல, நீ ஒரு துடுப்புகூடப் பிசகலடி. அதுக்காகத்தான் வந்தேன். பேனா குடு."

கொடுத்தேன். நான்காம் கட்டத்தில் தன் பெயரை விரலால் தடவிப் பார்த்தாள். அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது. கையெழுத்துப் போட்டாள். படிவத்தில் சாக்பீஸ் தூள்.

மாசிலாமணி ஓங்கிக் குத்தினார். 4.56.

அந்தக் கான்ஸ்டபிள் பெண்தான் முதலில் கை தட்டினாள், என்ன விஷயம் என்றே தெரியாமல்.

ஆகஸ்ட் 27, புதன்

138/88. பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை எட்டு. கணக்கு வைத்துக்கொண்டு சாப்பிட்டதால் குற்றமில்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

132/86.

வீட்டிலும் இயந்திரத்திலும் அலுவலகத்திலுமாக நாள் ஓடுகிறது. உள்ளங்கையில் நான்கு கொப்புளம். பதினைந்து வருஷமாக முத்திரைக் கட்டையைத் தவிர வேறெதையும் பிடிக்காத கை. வீட்டுக்காரர் மஞ்சள் அரைத்து வந்து தடவிக்கொண்டே, "ஃபைல் ரொம்பக் கூர்மை போல" என்றார். கொப்புளத்தைப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கெல்லாம் காட்டியது நான்தான். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் காட்டினேன்.

இன்று மீலாது நபி. மெஹ்ரு வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. தூக்கு மூடியில் ஒரு சீட்டு: 'கோவம் இன்னும் போகல. அடிப்பிடிச்ச பாகம் உனக்கு.' தூக்குக்குள் நல்ல பாகம்தான் இருந்தது.

செப்டம்பர் 13, சனி

நவநீதன் நாற்பது தடவை போன் செய்துவிட்டான். மிதவை எங்கே, மைக் எங்கே, ஆம்புலன்ஸ் எந்தப் பக்கம் நிற்க வேண்டும். முப்பத்தொன்பதாவது தடவை, "தம்பி, நான் நாளைக்குப் போட்டியாளர். போட்டியாளர்கிட்ட ஆம்புலன்ஸ் பத்திப் பேசாதே, அபசகுனம்" என்றேன். நாற்பதாவது தடவை கூப்பிட்டது எங்களை எந்தத் தடத்தில் போட்டிருக்கிறான் என்று சொல்ல. நாலாவது தடம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

காலையில் பி.பி. பார்க்க மறந்துவிட்டேன். உயிரோடு இருக்கிறேன், அது போதும்.

ஆயிரம் மீட்டர். நான்கு படகு. மற்ற மூன்று படகிலும் இருந்த பெண்கள், 2003-இல் பிறந்தே இருப்பார்களோ என்னவோ. தொடக்கக் கோட்டில் பக்கத்துத் தடத்துத் திருச்சிப் பெண் எங்களைப் பார்த்து, "ஆன்ட்டி, நீங்க அம்பயரா?" என்றாள். "இல்ல கண்ணு, அலையாடி" என்றாள் குந்தவி.

கொடி விழுந்தது.

முதல் இருநூறில் மூவரும் எங்களைவிட்டுப் பறந்துபோனார்கள். எதிர்பார்த்ததுதான். மெஹ்ரு அவசரப்படவில்லை. அவளுடைய தாளம் பள்ளிக்கூட மணி மாதிரி, கூடவும் கூடாது, குறையவும் குறையாது. எதிரே செண்பகத்தின் முதுகு, அதற்கப்பால் குந்தவியின் முதுகு, அதற்கப்பால் மெஹ்ருவின் கறுப்புத் தலைத்துணி. அந்தத் துணி முன்னே சாயும்போது நான் சாய்ந்தேன், நிமிரும்போது நிமிர்ந்தேன். அன்று இதைத்தானே செய்யச் சொன்னார்கள்? எவ்வளவு சுலபமாக இருந்தது!

அறுநூறில் திருச்சிப் படகின் பின்முனை என் ஓரக்கண்ணில் தெரிந்தது. அந்தப் பெண்களுக்கு மூச்சு வாங்குகிறது. கரையில் கூச்சல். எண்ணூறு மீட்டர் மிதவை தாண்டியதும் பிலோ எழுந்து நிற்காத குறையாகக் கத்தினாள்:

"பஸ்ஸு வந்துடுச்சுடீ!"

அது எங்கள் குரல். அந்தக் காலத்தில் பயிற்சி முடிந்து திரும்பும்போது ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க ஐந்து பேரும் ஓடுவோம். பிலோதான் முதலில் பார்த்து அலறுவாள். பிறகு அதுவே படகிலும் கடைசி ஓட்டத்துக்குக் கட்டளையாகிவிட்டது. இருபத்திரண்டு வருஷம் கழித்துக் கேட்டதும் கால் தானாக உதைத்தது. முட்டி, தோள், கொப்புளம் எதுவும் ஞாபகமில்லை. "ஏறுங்கடீ! படில தொங்கு! கண்டக்டர் விசில் ஊதறான்!" என்று அவள் கத்தக் கத்த, திருச்சிப் படகில் காக்ஸாக இருந்த பெண் சிரித்துவிட்டாளாம். பிறகு சொன்னாள்.

பிடிக்க முடியவில்லை. இரண்டு விநாடியில் போய்விட்டது மூன்றாமிடம். நாங்கள் நான்காவது. நான்கில் நான்கு, சுத்தமாகக் கடைசி.

கரையில் இருந்தவர்கள் எழுந்து நின்றிருந்தார்கள். வீட்டுக்காரர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலிமேல் ஏறி நின்று கத்தியதை என் கண்ணால் பார்த்தேன். இனி எந்தக் காலத்திலும் அவர் என்னைக் கேலி செய்ய முடியாது. மெஹ்ரு துடுப்பின்மேல் கவிழ்ந்து கிடந்தாள். பிறகு நிமிர்ந்து, படகில் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தாள். முழுக்கத் திரும்பி, இரண்டு பேரையும் தாண்டி என்னைப் பார்த்தாள். படகு ஆடியது. "திரும்பாதடி, கவுந்துடும்!" என்று பிலோ அலறினாள்.

"கோவம் போயிடுச்சுடி" என்றாள் மெஹ்ரு.

கரைக்கு வந்ததும் சத்தியத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. எழுபத்தெட்டு கிலோ. நால்வரால் தூக்க முடியவில்லை. முதலில் வந்த சென்னைப் பெண்கள் நால்வரும் ஓடி வந்து கை கொடுத்தார்கள். கடைசியாக வந்த படகின் காக்ஸைத் தண்ணீரில் போடுவது எந்த ஊர் வழக்கம் என்று மைக்கில் நவநீதன் கேட்டுக்கொண்டிருந்தான். எட்டுப் பேர் சேர்ந்து ஒன்று, இரண்டு, மூன்று! விழுந்த வேகத்தில் எங்கள் எல்லோருக்கும் குளியல். ராயபுரத்துக்காரி, மீன் மாதிரி நீந்தி வந்து, "இன்னொரு வாட்டி போடுங்கடி" என்றாள்.

அந்தச் சென்னைப் பெண்களில் ஒருத்தி, தலை சொட்டச் சொட்ட, என் பக்கம் வந்தாள். "அக்கா, நீங்க வரலன்னா ரேஸே கேன்சலாமே? மாசிலாமணி சார் சொன்னாரு. தேங்க்ஸ்கா." அவளைக் கட்டிக்கொண்டேன். வேறென்ன செய்ய?

பரிசளிப்பில் எங்களுக்குப் பங்கேற்புச் சான்றிதழ். வாங்கிப் பார்த்தால், 'துடைப்பப் படகு'. "நல்லது தீந்துடுச்சு மேடம்" என்றார் மாசிலாமணி, கல் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. மெஹ்ரு அதை வகுப்பறையில் மாட்டப்போகிறாளாம்.

தலைவர் கிளம்பும்போது என்னிடம் வந்தார். "அக்டோபர்ல உங்க பேரைத்தான் சொல்லப்போறேன். அப்படியே அந்தப் பதினேழாம் விதியை எடுத்துடலாமான்னு ஒரு தீர்மானம் எழுதிக் கொண்டாங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "பஸ்ஸுன்னு கத்தினாங்களே, அது எந்த டெக்னிக்?" என்றார்.

செப்டம்பர் 15, திங்கள்

126/82. டாக்டர் என்ன மாத்திரை மாற்றினார் என்று வீட்டுக்காரர் கேட்கிறார்.

படி இறங்க முடியவில்லை. கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்கி, ஆட்டோவில் அலுவலகம் போனேன். பையிலிருந்து படிவத்தை எடுத்து மாசிலாமணி மேஜைமேல் வைத்தேன். பெண்கள் நால்வர், அலையாடி மகளிர் படகுக் குழு. நேற்றுக் கரையிலேயே ஐவரும் கையெழுத்துப் போட்டது. பிலோவின் கையெழுத்து மட்டும் ஈரத்தில் கலங்கியிருந்தது.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இது என்ன மேடம்?"

"அடுத்த வருஷத்துக்கு."

"அடுத்த வருஷப் போட்டிக்கு இன்னும் தேதியே வைக்கலையே. அறிவிப்பு வரவே பத்து மாசம் ஆகும்."

"ஆகட்டும். என் பையில் மட்டும் அது இருக்கக்கூடாது. குத்துங்க."

என்னை ஒரு தடவை பார்த்தார். மைப்பெட்டியைத் திறந்தார். நான்காம் கட்டத்துப் பெயரின்மேல் மை படாமல், ஓரமாக, பார்த்துப் பார்த்துக் குத்தினார்.

பெறப்பட்டது. காலை 10.05.